ஜன்னல் கண்ணாடி துடைக்கும் தொழில்: கைக்கு வருவது எவ்வளவு, கையில் நிற்பது எவ்வளவு?



2023ஆம் ஆண்டு சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு, எங்கள் நலன்புரி காரியாலயத்துக்கு ஒரு அக்கா வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். ஈ.பி.எப். காசுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார். கையில் ஒரு கடிதம். "ஐயா, மகன் எழுதியிருக்கான். கணக்கெல்லாம் போட்டிருக்கான். எனக்கு ஒண்ணும் வெளங்கல. பார்த்துச் சொல்லுங்கய்யா" என்றார்.

மகன் யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறவர். நமது தோட்டங்களில் இருந்து அந்தப் பக்கம் வேலைக்குப் போன பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள், ஆகவே இடத்தைச் சொல்லிவிடுகிறோம். யாழ்ப்பாணம் டவுனில் இருந்து காங்கேசன்துறை வீதியில் கொக்குவில், தாவடி, இணுவில் என்று போனால் அடுத்து வருவது மருதனார்மடம். அதற்குப் பிறகு சுன்னாகம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. பெரிய மரக்கறிச் சந்தையும், உயரமான ஆஞ்சநேயர் சிலையும் உள்ள சந்தி. யுத்தம் முடிந்து 2009க்குப் பிறகு அந்த வீதி நெடுகக் கண்ணாடி வைத்த கடைகளும், மாடி வீடுகளும் எழும்பிவிட்டன. வெளிநாட்டுக் காசில் கட்டிய வீடுகளில் ஆளுயரக் கண்ணாடி ஜன்னல். துடைக்கத்தான் ஆள் இல்லை. இதைப் பார்த்துத்தான் நம்ம தம்பிக்கு யோசனை வந்திருக்கிறது.

கடிதத்தில் கணக்கு இப்படி இருந்தது. ஒரு வீட்டுக்கு 2,500 ரூபா. ஒரு நாளைக்கு இரண்டு வீடு. மாதத்தில் 25 நாள். ஆக 125,000 ரூபா. சவர்க்காரத்துக்கு 2,000, பெற்றோலுக்கு 10,000 கழித்தால் மிச்சம் 113,000 ரூபா. இதைத் தொடங்க ஒரு பழைய மோட்டார் சைக்கிள் 250,000, நீள அலுமினிய ஏணி 45,000, சாமான்கள் 15,000, கைச்செலவுக்கு 40,000. மொத்தம் 350,000 ரூபாவை ஈ.பி.எப். காசில் இருந்து தரும்படி அம்மாவிடம் கேட்டிருந்தார். "மூணே மாசத்தில் திருப்பித் தந்துருவேன்" என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்.

அப்போது தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபா. 25 பேர் முழுசாகப் போட்டாலும் 25,000. மகன் ஒரு மாதத்தில் எடுப்பேன் என்று சொல்லும் காசை அந்த அக்கா நாலு மாதத்துக்கு மேல் மலையேறினால்தான் பார்க்கலாம். அவர் மனம் ஆடியதில் குற்றமில்லை. எங்களுக்கே ஒரு நிமிஷம் ஆடியது, உத்தியோகத்தை விட்டுவிட்டு ஏணியைத் தூக்கலாமா என்று!

ஆனாலும் ஈ.பி.எப். என்பது ஒரு தடவைதான் வரும் காசு. பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் எடுக்கலாம். எடுத்து முடித்தால் திரும்பச் சேர்க்க வயதும் இல்லை, உடம்பும் இல்லை. அதனால் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று நாள் சாயங்காலம் அக்காவோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அந்த வருடம் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வடக்கே போனபோது தம்பியையும் நேரில் கண்டு பேசினோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறோம். ஜன்னல் துடைப்பவருக்கு மட்டுமல்ல, சலூன் வைப்பவருக்கும், ஆட்டோ ஓட்டுபவருக்கும் இது பொருந்தும். தொகைகள் எல்லாம் அன்றைய விலையை ஒட்டி, கணக்குக்கு லேசாக இருக்கட்டும் என்று முழுசாக்கிப் போட்டவை. நீங்கள் பார்க்கும்போது உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். நமக்குத் தெரிந்த உதாரணமே சொல்லலாம். ஒரு கிலோ தேயிலைத் தூள் வர ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். கூடையில் பார்க்கும்போது நிறைந்துதான் இருக்கும். வாட்டி, அரைத்து, காய வைத்து, சலித்து வரும்போது சுருங்கிவிடும். தொழிலில் வரும் காசும் அப்படித்தான். 125,000 என்பது பச்சைக் கொழுந்து. தூள் எவ்வளவு என்று பார்க்காமல் யாரும் காசை இறக்கக் கூடாது.

இனி, நாள் கணக்கு. மாதம் 25 நாள் வேலை என்று தம்பி எழுதியது தோட்டத்துப் பழக்கத்தில். பெரட்டுக்குப் போனால் தோட்டத்தில் வேலை காத்திருக்கும். சொந்தத் தொழிலில் வேலையை நாம்தான் தேடிப் போக வேண்டும். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிறது. மழை பெய்யும் நாளில் கண்ணாடி துடைக்க யாரும் கூப்பிட மாட்டார்கள். "மழை விடட்டும் தம்பி, பிறகு பார்ப்பம்" என்பார்கள். தைப்பொங்கலுக்கு முன்னும், நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள் வரும் முன்னும் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். இடையில் சோழகக் காற்று வீசும் மாதங்களில் வலிகாமத்துச் செம்மண் தூசி கண்ணாடியெல்லாம் அப்பும். அப்போது துடைத்தால் மறுநாளே தூசி. சிலர் அதற்காகவே அடிக்கடி கூப்பிடுவார்கள், சிலர் "துடைச்சு என்ன பிரயோசனம்" என்று விட்டுவிடுவார்கள். நோய் நொடி, கலியாணம், துக்கவீடு எல்லாம் சேர்த்து, வருடம் முழுக்கச் சராசரி பார்த்தால் மாதத்தில் 16 நாள் வேலை கிடைத்தால் நல்லது. எதிர்பாராத நாட்களும் உண்டு. 2020 டிசம்பரில் மருதனார்மடம் சந்தையில் கொரோனா பரவியபோது சந்தையை மூடி, உடுவில் பகுதியையே முடக்கி வைத்தார்கள். அந்த நாட்களில் வருமானம் இல்லை. லீசிங் தவணைக்கும் வாடகைக்கும் மட்டும் விடுமுறை கிடையாது.

ஒரு நாளைக்கு இரண்டு வீடு என்பதும் எல்லா நாளும் சரிவராது. புது வீடு என்றால் கண்ணாடியில் சீமெந்துத் துளியும் பெயின்டும் காய்ந்து ஒட்டியிருக்கும். தண்ணீர் போட்டு ஊற வைத்து பிளேட்டால் மெதுவாகச் சுரண்ட வேண்டும். காய்ந்த கண்ணாடியில் பிளேட்டை வைத்தால் கீறல் விழும், பிறகு கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டியதுதான். அந்த ஒரு வீட்டுக்கே ஒன்றரை நாள் போய்விடும். ஆகவே சராசரி ஒரு நாளைக்கு ஒன்றரை வீடு. 16 நாளுக்கு 24 வீடு. 2,500 படி 60,000 ரூபா. 125,000 பாதிக்கும் கீழே வந்துவிட்டது, இன்னும் ஒரு சதம் செலவு கழிக்கவில்லை.

செலவில் பெரியது ஆள் கூலி. தம்பியின் கடிதத்தில் இது அறவே இல்லை. "நான் தனியாகவே செய்வேன்" என்று எழுதியிருந்தார். கீழ்த் தட்டு ஜன்னலுக்கு அது சரி. மாடி ஜன்னலுக்கு வெளியில் இருந்து ஏணி வைத்து ஏற வேண்டும். மாபிள் பதித்த தரை, அதன் மேல் சோப்புத் தண்ணீர், அதன் மேல் அலுமினிய ஏணி. கீழே ஒருவர் பிடிக்காமல் ஏறுவது உயிரோடு விளையாடுவதாகும். ஏணி வைக்கவும் ஒரு அளவு இருக்கிறது. நாலு அடி உயரத்துக்குச் சுவரில் இருந்து ஒரு அடி கால் தள்ளி வைக்க வேண்டும். பன்னிரண்டு அடி உயரத்தில் சாய்த்தால் கீழே மூன்று அடி. இதைவிடக் கிட்டவாக வைத்தால் பின்னால் சாயும், தள்ளி வைத்தால் வழுக்கும். ஆகவே மாடி வீட்டு வேலை எடுத்தால் இரண்டாவது ஆள் கட்டாயம்.

அந்த ஆளுக்கு நாள் கூலி 2,000 என்று வைத்தால் 16 நாளுக்கு 32,000. இத்துடன் முடியவில்லை. ஒரே ஒரு ஆளை வைத்தாலும் ஈ.பி.எப். சட்டம் பொருந்தும். அது 1958இல் வந்த சட்டம். தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, முதலாளி 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். ஈ.டி.எப். 3 வீதம் முழுக்க முதலாளியுடையது. ஆக முதலாளி கைக்காசாக 15 வீதம், அதாவது 4,800 ரூபா. "சின்னத் தொழில்தானே, யார் கேட்கப் போறா" என்று தம்பி சிரித்தார். அம்மாவின் ஈ.பி.எப். காசில் தொழில் தொடங்கப் பார்க்கிறவர், தன்னிடம் வேலை செய்கிறவனுக்கு ஈ.பி.எப். கட்டாமல் இருக்கலாமா என்று நாங்கள் திருப்பிக் கேட்டோம். சிரிப்பு நின்றது. வேலையில் அடிபட்டால் நட்டஈடு கொடுக்கும் பொறுப்பும் முதலாளிக்கு உண்டு. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இல் இருந்தே இருக்கிறது. இதுவரை யாருக்கோ எதிராக நாம் பேசிய சட்டங்கள், நாமே முதலாளி ஆகும்போது நம் பக்கம் திரும்புகின்றன.

பெற்றோலைப் பார்ப்போம். மருதனார்மடத்தில் இருந்து டவுனுக்குப் போய்வந்தால் அங்கும் இங்குமாக ஒரு நாளைக்கு 35 கிலோமீற்றர். 16 நாளுக்கு 560. விலை பேசப் போவதற்கும், காசு வாங்க இரண்டாம் தடவை போவதற்கும் (இரண்டாம் தடவை நிச்சயம் போக வேண்டிவரும்!) ஒரு 140. மொத்தம் 700 கிலோமீற்றர். பழைய மோட்டார் சைக்கிள் லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடினால் பதினேழரை லீற்றர். 350 ரூபா படி 6,125 ரூபா. வருமான வரிப் பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனை, ஒயில் மாற்றுவது, டயர், செயின் எல்லாம் வருடத்துக்கு 36,000 என்று வைத்தால் மாதம் 3,000.

இந்த இடத்தில் 2022ஆம் வருடத்தை மறக்கக் கூடாது. 2021 டிசம்பர் கடைசியில் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. 2022 ஜூன் கடைசியில் 470 ரூபா. ஆறு மாதத்தில் இரண்டரை மடங்குக்கு மேல். பிறகு கியூ.ஆர். அட்டை காட்டினால்தான் பெற்றோல் என்று வந்தது. அந்த ஆறு மாதத்தில் எந்த வீட்டுக்காரரும் துடைக்கும் கூலியை இரண்டரை மடங்கு கூட்டித் தந்திருக்க மாட்டார். நம் கையில் இல்லாத விலையில் தொங்கும் செலவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

அடுத்தது தண்ணீர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மலைநாட்டில் பிறந்தவர்களுக்கு இது தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

நம் மலைகளில் பீலித் தண்ணீர் கருங்கல்லின் மேல் ஓடி வருகிறது. அதில் கரைந்திருப்பது மிகக் கொஞ்சம். சவர்க்காரம் போட்டால் உடனே நுரைக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறே இல்லை. மழை நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அங்கே தங்கி, கிணற்றில் வருகிறது. வரும்போது சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. இதைத்தான் கடினத் தண்ணீர், வன்னீர் என்கிறோம். கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். கண்ணாடியில் அந்தத் தண்ணீரை ஊற்றி வெயிலில் காய விட்டால் தண்ணீர் போய்விடும், சுண்ணாம்பு நின்றுவிடும். கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி.

தம்பிக்கு முதல் வேலையிலேயே இந்தப் பாடம் கிடைத்திருக்கிறது. கடை வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழக்கத்துக்காக ஒரு வீட்டில் செய்து பார்த்திருக்கிறார். பகல் பதினொரு மணி வெயில். கிணற்றுத் தண்ணீர், சவர்க்காரம், பிறகு வாளியால் ஊற்றிக் கழுவல். பளபளவென்று இருந்தது என்கிறார். மறுநாள் வீட்டுக்கார அம்மா போன் பண்ணி, "என்ன தம்பி இது, கண்ணாடி முழுக்க அம்மை போட்ட மாதிரிக் கிடக்கு" என்றிருக்கிறார். இரண்டு தடவை திரும்பப் போய்ச் சும்மா செய்து கொடுக்க வேண்டி வந்தது. ஒரு கூலிக்கு மூன்று நாள் வேலை. இந்தச் செலவு எந்தக் கொப்பியிலும் வராது, ஆனால் தொழிலை விழுங்குவது இதுதான்.

கடினத் தண்ணீரில் சவர்க்காரக் கட்டி லேசில் நுரைக்காது, பால் திரைந்த மாதிரி ஆகும். அதனால் சவர்க்காரமும் கூடுதலாகப் போகும். பாத்திரம் கழுவும் திரவம் பரவாயில்லை. படிந்த புள்ளியை எடுக்க வினாகிரியைத் தண்ணீரில் கலந்து துடைக்கலாம், புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும். அதே வினாகிரி மாபிள் கல்லில் பட்டால் கல்லையும் அரித்துவிடும், ஜன்னல் கட்டை மாபிள் என்றால் கவனம். எல்லாவற்றையும்விட நல்லது, வெயில் ஏறு முன் துடைத்து, காய விடாமல் வைப்பரால் வழித்து எடுப்பது. ரப்பர் வைத்த இந்த வைப்பருக்கு ஒரு கதை உண்டு. இத்தாலியில் இருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போய் அங்கே ஜன்னல் துடைத்த எட்டோரே ஸ்டெக்கோனே என்பவர், பழைய பாரமான கருவியோடு பட்ட பாட்டில், இலேசான பித்தளைப் பிடியில் ஒரே ரப்பர் வைத்து 1936இல் உரிமம் பெற்றார். இன்றும் உலகம் முழுக்க அந்த மாதிரிதான். பிழைப்புக்கு ஊர் விட்டு ஊர் போன தொழிலாளி செய்த சாமான் என்பதால் எங்களுக்கு அதில் ஒரு தனிப் பிரியம். ரப்பர் ஓரம் மழுங்கினால் கோடு விழும். ரப்பரை மட்டும் மாற்றலாம், முழு வைப்பரையும் வாங்கத் தேவையில்லை.

இங்கிலாந்தில் இந்தத் தொழில் செய்பவர்கள் தண்ணீரில் உள்ள உப்பையெல்லாம் வடித்தெடுக்கும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரை நீளத் தடியில் உள்ள தூரிகை வழியாக விட்டுக் கழுவினால் துடைக்காமலே புள்ளியில்லாமல் காயும். நமக்கு அந்த இயந்திரம் எட்டாது. மழைத் தண்ணீர் எட்டும். வானத்தில் இருந்து நேரே வரும் தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது. கூரையில் ஒரு பீலி வைத்து, மூடியுள்ள பீப்பாவில் பிடித்து வைத்தால் கடைசிக் கழுவலுக்குப் போதும். மூடி கட்டாயம், இல்லையென்றால் டெங்கு நுளம்பு வளர்ந்து சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார். சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2014, 2015இல் பெரிதாகி, 2019இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பகுதி மக்கள் தண்ணீர் விஷயத்தில் எச்சரிக்கையானவர்கள். வீட்டுக்காரரின் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றுகிறவரைவிட, சொந்தத் தண்ணீர் கொண்டுபோகிறவரை அவர்கள் மதிப்பார்கள்.

கணக்குக்கு வருவோம். சவர்க்காரம், வினாகிரி, துணி 2,500. ரப்பரும் பிளேட்டும் 1,500. போன் 1,500. இரண்டு பேருக்குத் தேத்தண்ணி, கடி சாமான் நாளைக்கு 300 படி 4,800. வீட்டில் குடித்துவிட்டுப் போகலாமே என்பீர்கள், வெயிலில் நின்று பார்த்தால் தெரியும். உடைந்த கண்ணாடி, வராத கூலி, திரும்பச் செய்து கொடுத்த வேலை எல்லாவற்றுக்கும் மாதம் ஒரு வீட்டுக் காசு, 2,500.

கடைசியாகத் தேய்மானம். இதை யாரும் எழுதுவதில்லை. 45,000 ரூபா ஏணி ஐந்து வருடம் தாங்கினால் மாதத்துக்கு 750 ரூபா தேய்கிறது. 15,000 ரூபா சாமான் பதினைந்து மாதம் தாங்கினால் மாதம் 1,000. 250,000 ரூபா மோட்டார் சைக்கிளை ஐந்து வருடம் ஓட்டி 130,000க்கு விற்றால் மாதம் 2,000. மொத்தம் 3,750. இந்தக் காசை மாதாமாதம் தனியாக எடுத்து வைக்காவிட்டால், ஏணி உடையும் நாளில் அம்மாவின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் வருடத்தில் கொழுந்து வராது என்று தெரிந்தே தோட்டம் கணக்குப் போடுகிறது அல்லவா, அதே மாதிரித்தான்.

இப்போது கூட்டுங்கள். ஆள் கூலியும் ஈ.பி.எப்., ஈ.டி.எப்.பும் 36,800. பெற்றோல் 6,125. வண்டிச் செலவு 3,000. சவர்க்காரமும் ரப்பரும் 4,000. போன் 1,500. தேத்தண்ணி 4,800. தேய்மானம் 3,750. உடைசல், வராக்கடன் 2,500. மொத்தம் 62,475 ரூபா. வருமானம் 60,000. மாதம் 2,475 ரூபா நட்டம். தம்பியின் சொந்த உழைப்புக்கு ஒரு சதம்கூட வைக்காமலே இந்த நிலை! கடிதத்தில் இருந்த 113,000 எங்கே போனது என்று அக்கா கேட்டார். எங்கும் போகவில்லை அக்கா, அது வரவே இல்லை என்றோம்.

அப்படியானால் தொழிலே வேண்டாமா? நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆகஸ்ட் மாதம் தம்பியோடு மருதனார்மடச் சந்தியில் இருந்து சுன்னாகம் வரை ஒரு பக்கமும், இணுவில் வரை மறு பக்கமும் நடந்து பார்த்தோம். வீதியோரக் கடைகளின் கண்ணாடிக் கதவுகளை எண்ணினோம். புடவைக் கடை, மருந்துக் கடை, பேக்கரி, போன் கடை. எல்லாம் கீழ்த் தட்டு. ஏணியே தேவையில்லை, ஏணி இல்லையென்றால் இரண்டாம் ஆளும் தேவையில்லை. சைக்கிளில் போகலாம். இங்கிலாந்தில் ஜன்னல் துடைப்பவர்களும் பெரும்பாலும் இப்படித்தான், பால்காரர் மாதிரி ஒரே தெருவில் நிலையான வீடுகளை வைத்துக்கொண்டு முறை வைத்துப் போகிறார்கள். இன்றைக்கு இங்கே, நாளைக்குப் பத்து மைல் தள்ளி என்று ஓடுவதில்லை. டவுனில் பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியில் கட்டி 2023இல் கையளித்த கலாசார மண்டபம் போன்ற பல மாடிக் கட்டடங்களைத் தம்பி ஆசையோடு காட்டினார். கயிறும், பயிற்சியும், காப்புறுதியும் உள்ள கம்பெனிக்காரர் செய்ய வேண்டிய வேலை அது, நமக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

புதுக் கணக்கு இப்படி வந்தது. வாரம் ஒரு தடவை 20 கடை, ஒரு தடவைக்கு 300 ரூபா. மாதம் 24,000. கடை திறக்கு முன் காலை ஆறு மணியில் இருந்து செய்வது, ஒரு கடைக்குக் கால் மணி நேரம். வெயிலும் ஏறியிராது, கண்ணாடியில் புள்ளியும் விழாது. வீட்டு வேலை மாதத்தில் ஆறு நாள் மட்டும், சின்ன வீடாக நாளைக்கு இரண்டு, 2,000 படி 12 வீடு. அதில் 24,000. மொத்தம் 48,000. அந்த ஆறு நாளுக்கு மட்டும் ஒரு உதவியாள், ஈ.பி.எப்., ஈ.டி.எப். உட்பட 13,800. சவர்க்காரம், ரப்பர் 3,000. சைக்கிள் 1,000. போன் 1,500. தேத்தண்ணி 2,500. தேய்மானம் 1,600. உடைசலுக்கு 1,500. செலவு மொத்தம் 24,900. கையில் நிற்பது 23,100 ரூபா. மீதி நாட்களில் ஹாட்வெயார் கடைக்கு நாள் கூலிக்குப் போகலாம், முதலாளியும் சம்மதித்துவிட்டார். பெரிய காசில்லைதான். ஆனால் நட்டமில்லை, கடனில்லை.

இதற்குத் தேவைப்பட்ட முதல் 60,000. சின்ன ஏணி 20,000, சாமான் 15,000, பீப்பாவும் பீலியும் 15,000, கையிருப்பு 10,000. சைக்கிள் ஏற்கனவே இருந்தது. அக்கா ஈ.பி.எப். காசு வந்ததும் 60,000ஐ மட்டும் அனுப்பினார். மீதியில் வீட்டுக் கூரைத் தகரம் மாற்றியது போக, வங்கியில் நிலையான வைப்பில் போட்டிருக்கிறார். மகனுக்குக் கொஞ்ச நாள் கோபம். "என்னை நம்பலையா" என்று கேட்டாராம். "ஒன்ன நம்புறேன்டா, ஒன் கணக்கத்தான் நம்பல" என்று சொன்னேன் என்று அக்கா எங்களிடம் சொன்னார்.

வியாபாரப் பெயர் பதிவை உடுவிலில் உள்ள வலிகாமம் தெற்குப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கும்படி தம்பிக்குச் சொன்னோம். பதிவு இருந்தால்தான் பெரிய கடைகள் பில் கேட்கும்போது கொடுக்கலாம், வங்கியிலும் பேசலாம். சொந்தத் தொழில் செய்பவருக்கு யாரும் ஈ.பி.எப். கட்டமாட்டார்கள். ஆகவே சுயதொழிலாளர் ஈ.டி.எப்.பில் தாமாகச் சேரும் வழியையும், சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தையும் பற்றிக் கேட்டறியச் சொன்னோம். இன்னும் கேட்கவில்லை. வயது இருபத்தாறு, ஓய்வூதியம் என்றால் சிரிப்பு வரும் வயது.

இன்னொரு விஷயத்தில் மட்டும் நாங்கள் பிடிவாதமாக நின்றோம். 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, செக்ரோல் மாதிரி ஒவ்வொரு நாளும் எழுத வேண்டும். இடப் பக்கம் வந்தது, வலப் பக்கம் போனது. தேத்தண்ணிக் காசும் எழுத வேண்டும். மாதம் முடிய அம்மாவுக்கு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அக்காவின் போனுக்கு அது வராது, பக்கத்து லயத்துப் பிள்ளையின் போனுக்கு வரும், அந்தப் பிள்ளை வாசித்துக் காட்டும். எங்களுக்கும் ஒரு பிரதி காட்டுவார்கள்.

புரட்டாதிப் பக்கத்தில் 20 கடை இல்லை, 14 கடைதான் சேர்ந்திருந்தது. கையில் நின்றது 15,000க்குச் சற்றுக் கூட. ஐப்பசியில் மழை தொடங்கி அது 11,000 ஆகிவிட்டது. கார்த்திகைப் பக்கம் முக்கால்வாசி வெறுமைதான். ஒரு வரி மட்டும் நாலைந்து தடவை திரும்பத் திரும்ப எழுதியிருந்தது: "மழை. வேலை இல்லை. பீப்பா நிறைஞ்சிருக்கு." மார்கழிக் கடைசியில் பொங்கலுக்காக ஒன்பது வீட்டுக்காரர் கூப்பிட்டிருப்பதாக, கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் பெயர்களை எழுதி வைத்திருந்தார்.